நீலத்தின் நுட்பம் கண்ட பேயர்

அவுரி ஒரு சிறு செடி. அதன் பச்சை இலையைப் பார்ப்போர்க்கு அதனுள்ளே நீலம் ஒளிந்திருக்கிறது என்று தோன்றாது. ஆயினும் அச்செடியை அறுத்துத் தொட்டியில் அடுக்கி, அது மூழ்கும்படி நீர் விட்டு, ஓர் இரவு ஊற வைத்தால் மறுநாள் அந்நீர் மஞ்சளும் பச்சையும் கலந்த நிறம் அடையும். அதனை வேறொரு தொட்டிக்கு வடிப்பர்; ஆட்கள் அதனுள் இறங்கிக் கழிகளால் நெடுநேரம் அலைப்பர். காற்றுப் படப்பட நீர் நீலமாகும், நுரை பொங்கும், பிறகு நீலம் வண்டலாகப் படியும். அவ்வண்டலைக் காய்ச்சி, வடிகட்டி, அழுத்தி, கட்டிகளாக வெட்டி உலர்த்துவர். பன்னூறு ஆண்டுகளாக இந்தியாவில் நடைபெற்ற தொழில் இது. வங்காளத்திலும் பீகாரிலும், சென்னை மாகாணத்துத் தென்னார்க்காடு, கடப்பை ஆகிய பகுதிகளிலும் அவுரி விளைந்தது. நீலக்கட்டி பெட்டி பெட்டியாக ஐரோப்பாவுக்குக் கப்பலேறியது. தொட்டியில் இறங்கி உழைத்தவருக்குக் கைப்பழக்கம் இருந்தது. இலையில் இல்லாத நீலம் நீரில் எவ்வாறு வந்தது என்பதை மட்டும் எவரும் அறிந்திலர்.

அந்நீலம் யாது என்று ஆராய்வதில் பதினெட்டு ஆண்டுகளைச் செலவிட்டவர் அடால்ப் வான் பேயர் என்னும் ஜெர்மானிய இரசாயன அறிஞர். மருந்துகளால் பெயர்பெற்ற பேயர் நிறுவனத்துக்கும் இவருக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. அது பிரீடரிக் பேயர் என்னும் வேறொருவர் 1863-ஆம் ஆண்டில் பங்காளி ஒருவருடன் தொடங்கியது.

அடால்ப் 1835-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 31-ஆம் நாள் பெர்லின் நகரில் பிறந்தார். தந்தையார் யோகான் யாக்கோபு பேயர், பிரஷ்யப் படையில் உயர் பதவி வகித்தவர். நிலத்தை அளந்து புவியின் வடிவத்தைக் கணிப்பதில் வல்லுநர். தாயார் யூஜெனி, கல்வியிற் சிறந்த ஹிட்சிக் குடும்பத்தில் தோன்றியவர். மகனுக்கோ இளமையிலேயே இரசாயனத்தில் ஆசை பிறந்தது. பன்னிரண்டு வயதில், செம்பும் சோடியமும் சேர்ந்த இரட்டை உப்பு ஒன்றை அவர் தாமே உண்டாக்கினார். அதற்கு முன் அதனை ஒருவரும் கண்டதில்லை. பதின்மூன்றாம் பிறந்தநாளில் தம் கையிலிருந்த இரண்டு தாலர் காசைக் கொண்டு அவர் வாங்கியது தின்பண்டம் அன்று, ஒரு நீலக்கட்டி.

பெர்லின் பல்கலைக்கழகத்தில் கணிதமும் இயற்பியலும் பயின்று, ஓராண்டு படைப்பணியும் முடித்த பின், பேயர் இரசாயனத்துக்கே திரும்பினார். ஹைடல்பர்க்கு நகரில் புன்சன் அவருக்கு ஆசிரியராக வாய்த்தார். பின்னர்க் கெக்குலே என்னும் இளைஞரின் சிறிய ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். ஆர்செனிக் கலந்த நச்சுப் பொருள்களைக் கையாண்டபொழுது ஒருநாள் அவற்றின் ஆவியை உட்கொண்டு அவர் மயங்கி விழுந்தார். கெக்குலே கண்டு காப்பாற்றினார். தப்பிப் பிழைத்தவர் அந்த ஆராய்ச்சியை விடவில்லை; அதனைக் கொண்டே 1858-ஆம் ஆண்டில் டாக்டர் பட்டம் பெற்றார். அணுக்கள் ஒன்றோடொன்று எவ்வாறு பிணைந்து ஒரு பொருளாகின்றன என்பதைச் சிந்திக்கும் முறையை அவர் கற்றது கெக்குலேயிடந்தான்.

1860-ஆம் ஆண்டில் பெர்லின் தொழிற்கல்விக் கழகத்தில் அவருக்கு வேலை கிடைத்தது. ஊதியம் மிகக் குறைவு, ஆய்வுக்கூடமோ பெரிது. பேயர் ஆய்வுக்கூடத்தைக் கருதி அதனை ஏற்றார். அங்கே இருந்த பன்னிரண்டு ஆண்டுகளும் அவர் வாழ்வின் விளைச்சற் காலம் எனலாம். 1865-ஆம் ஆண்டில் நீலத்தை ஆராயத் தொடங்கினார். ஒரு பொருளை அறிய அவர் கையாண்ட வழி அதனைப் படிப்படியாகச் சிதைத்துப் பார்ப்பது. கட்டிய வீட்டின் கல்லை ஒவ்வொன்றாகப் பெயர்த்துக் கட்டடத்தின் அமைப்பை அறிவது போன்ற வேலை அது. நீலத்திலிருந்து இசாட்டின் வந்தது; இசாட்டினிலிருந்து ஆக்சிண்டோல் வந்தது; ஆக்சிண்டோலைத் துத்தநாகப் பொடியுடன் சூடாக்கிய பொழுது 1866-ஆம் ஆண்டில் இண்டோல் என்னும் அடிப்படைப் பொருள் கிடைத்தது.

துத்தநாகப் பொடியின் பயன் அங்கே நின்றுவிடவில்லை. அவருடைய ஆய்வுக்கூடத்தில் இருந்த கிரேபு, லீபர்மன் என்னும் இருவர் அதே முறையை அலிசரின் என்னும் சிவப்புச் சாயத்தின்மீது செலுத்தி, அது நிலக்கரித் தாரில் உள்ள ஆந்திரசீனிலிருந்து பிறக்கத்தக்கது என்று 1868-ஆம் ஆண்டில் கண்டனர். சோழமண்டலக் கரையில் துணிகளுக்குச் செந்நிறம் ஊட்டிய சாயவேரிலும் அந்த அலிசரினே உள்ளது. வேர் தோண்டிப் பிழைத்த ஐரோப்பிய உழவர் சில ஆண்டுகளில் அத்தொழிலை இழந்தனர். நீலத்துக்கும் அந்நிலை வருவதற்கு முப்பது ஆண்டுகள் ஆயின.

1871-ஆம் ஆண்டில் பேயர் பினால்ப்தலீன், புளோரசீன் ஆகிய இரு பொருள்களைக் கண்டார். பள்ளி ஆய்வுக்கூடத்தில் காரநீரில் ஒரு துளி விட்டதும் இளஞ்சிவப்பாக மாறுகிறதே, அந்தப் பினால்ப்தலீன் அவர் தந்ததே. 1872-ஆம் ஆண்டில் ஸ்டிராஸ்பர்க்குப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 1875-ஆம் ஆண்டில், லீபிக்கு என்னும் பேரறிஞர் இருந்த முனிச்சு நகரப் பீடம் அவரைத் தேடி வந்தது. வாழ்நாளின் எஞ்சிய பகுதியை அவர் அங்கேயே கழித்தார்.

முனிச்சு ஆய்வுக்கூடம் உலகெங்குமிருந்து மாணவரை ஈர்த்தது. பேயர் சிக்கலான கருவிகளை விரும்பாதவர். சோதனைக் குழாயும் கண்ணாடிக் கோலும் அவருக்குப் போதும். வேலை செய்யும்போதும் தலையில் தொப்பி இருக்கும். புதிய பொருளொன்று பளிச்சென்று படிகமாகத் திரண்டால், பெரியோரைக் கண்டவர் போலத் தொப்பியைச் சற்றே உயர்த்தி அதற்கு வணக்கம் செலுத்துவார் என்று அவருடைய மாணவர் கூறுவர்.

1878-ஆம் ஆண்டில் செடியின் துணையின்றியே நீலம் ஆக்க வழி கண்டார். 1880-ஆம் ஆண்டில் இலவங்கப்பட்டையோடு உறவுடைய சின்னமிக் அமிலத்திலிருந்து மற்றொரு வழி கண்டு, அதற்கு உரிமைப் பட்டயமும் பெற்றார். ஜெர்மனியின் இரு பெரும் சாயத் தொழிற்சாலைகள் அதனை விலைக்கு வாங்கின. ஆனால் ஆய்வுக்கூடத்தில் வெற்றி பெற்றது அங்காடியில் வெற்றி பெறவில்லை. செயற்கை நீலத்தின் விலை செடி நீலத்தின் விலையினும் மிகுதியாக இருந்தது. 1882-ஆம் ஆண்டில் அவர் கண்ட வேறொரு முறைக்குப் போதிய மூலப்பொருள் கிடைக்கவில்லை. தொழிற்சாலையாருக்கும் அவருக்கும் மனவேற்றுமை வளர்ந்தது. வாணிகம் அவருக்கு உரிய துறை அன்று. நீலத்தின் உள்ளமைப்பை அறிவதே அவர் நோக்கம். 1883-ஆம் ஆண்டில் அந்நோக்கம் நிறைவேறியது. நீலத்தின் மூலக்கூற்றில் ஒவ்வோர் அணுவும் இருக்கும் இடத்தை அவர் வரையறுத்தார். இரு பாதிகளும் இணைந்து நிற்கும் திசையில் மட்டும் பிற்காலத்தார் எக்ஸ் கதிர் கொண்டு ஒரு திருத்தம் செய்தனர்.

பேயர் விட்ட இடத்தில் பிறர் தொடர்ந்தனர். சூரிச்சு நகரத்துக் ஹாய்மன் 1890-ஆம் ஆண்டில் வேறு வழி காட்டினார். அவ்வழிக்கு வேண்டிய ஒரு பொருளை நாப்தலீனிலிருந்து பெறவேண்டியிருந்தது. பாச்சை உருண்டை என்று நாம் பெட்டியில் இடுவது அந்த நாப்தலீன்தான். ஆனால் அந்த மாற்றம் மிக மெதுவாகவே நிகழ்ந்தது. ஒருநாள் சூடான கலவைக்குள் இருந்த வெப்பமானி உடைந்து, அதிலுள்ள பாதரசம் கொட்டியது. உடனே மாற்றம் விரைந்தது! உடைந்த வெப்பமானியைக் குப்பையில் எறிந்துவிட்டு வேறொன்றை எடுக்காமல், நடந்தது என்ன என்று அங்கிருந்தவர் ஆராய்ந்தது பெரிது. லூட்விக்ஸ்ஹாபன் நகரில் உள்ள பாடிய அனிலீன் சோடாத் தொழிற்சாலை ஏறத்தாழ 1 கோடியே 80 இலட்சம் மார்க்குச் செலவிட்டு, 1897-ஆம் ஆண்டில் செயற்கை நீலத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

அதன் விளைவு இந்தியாவில் தெரிந்தது. 1897-ஆம் ஆண்டில் சுமார் 19,000 டன்னாக இருந்த செடி நீலம் 1914-ஆம் ஆண்டில் 1,000 டன் அளவுக்கு வீழ்ந்தது. இது நல்லதா, தீயதா? ஒரு சொல்லில் விடை கூற இயலாது. அவுரித் தோட்டத்து வெள்ளை முதலாளிகள் உழவர்க்கு இழைத்த கொடுமை சிறிதன்று. அது பொறாமல் வங்காளத்து உழவர் 1859-ஆம் ஆண்டிலேயே கிளர்ந்தெழுந்தனர். பீகாரில் சம்பாரண் உழவர் தம் நிலத்தில் இருபதில் மூன்று பங்கை அவுரிக்கே ஒதுக்கவேண்டும் என்ற கட்டாயம் இருந்தது. செயற்கை நீலம் வந்து அவுரி விலை வீழ்ந்ததும், முதலாளிகள் தம் நட்டத்தை உழவர் தலையில் சுமத்தினர். அவுரி பயிரிடுவதிலிருந்து விடுதலை தருவதாகக் கூறிக் குத்தகையை உயர்த்தினர். முன்னே அவுரியால் அழுதவர் பின்னே அவுரி இல்லாமையாலும் அழுதனர். 1917-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் காந்தியடிகள் சம்பாரணுக்குச் சென்று அவர்கள் குறைகளைக் கேட்டு எழுதினார். அடுத்த ஆண்டு பிறந்த சட்டம் அந்தக் கட்டாய முறையை ஒழித்தது.

செயற்கை நீலத்துக்கு மற்றொரு முகமும் உண்டு. இன்று ஆலைகளில் நீலம் செய்ய அனிலீன், பார்மால்டிஹைடு, சயனைடு முதலிய நஞ்சுகள் தேவைப்படுகின்றன. கடுங்காரத்தில் பெருஞ்சூடும் வேண்டும். செய்த பின்னும் தொல்லை தீர்வதில்லை. நீலம் நீரில் கரையாது. கரையாத பொருள் நூலுக்குள் ஏறாது. ஆகவே சாயப்பட்டறையார் ஹைட்ரோஸ் என வழங்கும் சோடியம் ஹைட்ரோசல்பைட்டைச் சேர்த்து, நீலத்தை நிறமற்ற கரையும் பொருளாக மாற்றி நூலை நனைக்கின்றனர். நூலை வெளியே எடுத்ததும் காற்றுப் பட்டு நீலம் திரும்புகிறது. கழிவுநீரிலோ கந்தக உப்புகள் மிகுந்து, குழாய்களை அரித்து, ஆறு குளங்களைக் கெடுக்கின்றன. உலகம் அணியும் ஜீன்ஸ் உடைகள் யாவும் பெரும்பாலும் இவ்வாறே நீலம் பெறுகின்றன.

அவுரி இலையோ இவற்றுள் ஒன்றையும் வேண்டுவதில்லை. குளிர்ந்த நீரே அதற்குப் போதும். அது எவ்வாறு? இலையில் இண்டிக்கன் என்னும் நிறமற்ற பொருள் இருக்கிறது. இண்டாக்சில் என்னும் பொருளோடு சர்க்கரை ஒன்று பூட்டியதுபோல் இணைந்திருப்பதே இண்டிக்கன். இலை ஊறி நலியும்போது, அதிலுள்ள நொதி ஒன்று அச்சர்க்கரையைக் கழற்றிவிடுகிறது. விடுபட்ட இண்டாக்சில் காற்றில் இரண்டிரண்டாக இணைந்து நீலமாகிறது. என்சைம் என்றும் வழங்கும் நொதியாவது, உயிர்களின் உடலில் பிறந்து, தான் மாறாமல் நின்று, பிற பொருள்களை விரைந்து மாற்றுவது. நாம் உண்ணும் சோற்றை வாயிலேயே இனிக்கச் செய்வதும் உமிழ்நீரில் உள்ள ஒரு நொதிதான்.

இந்த நொதியியலின் அடிப்படைகளை இட்டவருள் இருவர் பேயரின் மாணவர் என்பது வியப்புக்குரியது. ஒருவர் எமில் பிஷர். ஸ்டிராஸ்பர்க்கில் பேயரிடம் பயின்று 1874-ஆம் ஆண்டில் டாக்டர் பட்டம் பெற்ற அவர், ஒவ்வொரு நொதியும் தனக்குரிய பொருளையே மாற்றும் என்றும், அது பூட்டுக்கும் சாவிக்கும் உள்ள பொருத்தம் போன்றது என்றும் 1894-ஆம் ஆண்டில் விளக்கினார். மற்றொருவர் எட்வர்டு பூக்னர். முனிச்சில் பேயரிடம் பணியாற்றிய இவருக்குப் புளித்தலை ஆராய்வதில் பெருவிருப்பம். அதற்கெனச் சிறியதோர் ஆய்வுக்கூடம் அமைக்கப் பேயர் உதவி செய்தார். ஈஸ்ட்டு அணுக்களை உடைத்து அவற்றின் சாற்றை எடுக்க 1893-ஆம் ஆண்டில் பூக்னர் முயன்றார். ஆனால் இதனால் பயனொன்றும் விளையாது என்று ஆய்வுக்கூடத்தின் குழு கருதியது. வேலை மூன்றாண்டு நின்றது.

பின்னர் அதனைத் தொடர்ந்தார் பூக்னர். ஈஸ்ட்டை மணலோடு அரைத்து, துணியில் கட்டி, பிழிபொறியில் அழுத்திச் சாறு எடுத்தார். சாறு கெடாதிருக்கச் சர்க்கரை சேர்த்தபொழுது, அதிலிருந்து குமிழிகள் எழுந்தன. உயிருள்ள அணு ஒன்றும் இல்லாத சாறு, சர்க்கரையைச் சாராயமாக மாற்றிக்கொண்டிருந்தது! புளித்தல் உயிரணுக்களாலேயே இயலும் என்று அறிஞர் பலர் நம்பியிருந்த காலம் அது. நொதியை உயிரிலிருந்து பிரித்தெடுத்தும் வேலை வாங்கலாம் என்று உறுதிப்படுத்திய அந்தக் கட்டுரை 1897-ஆம் ஆண்டில் வெளிவந்தது. செயற்கை நீலம் கடைக்கு வந்த ஆண்டும் அதுவே. நீலத்தின் எதிர்காலமும் அந்தச் சாற்றில் இருக்கிறது என்று அப்பொழுது எவரும் எண்ணியிருக்க முடியாது.

பேயருக்கு வந்த பெருமைகள் பல. பவேரிய மன்னர் 1885-ஆம் ஆண்டில் அவருக்கு உயர்குடிப் பட்டம் வழங்கினார். அவர் பெயரில் வான் என்னும் சொல் சேர்ந்தது அப்பொழுதுதான். 1905-ஆம் ஆண்டில் இரசாயனத்துக்கான நோபல் பரிசு அவரை அடைந்தது. மாணவராகிய பிஷர் அதனை 1902-ஆம் ஆண்டிலேயே பெற்றிருந்தார். பூக்னர் 1907-ஆம் ஆண்டில் பெற்றார். ஆசிரியருக்கு முன்னும் பின்னும் மாணவர் பரிசு பெற்ற காட்சி அரிது. பேயர் ஆக்கிய நீலத்தினும் அவர் ஆக்கிய மாணவரே உலகுக்கு மிகுந்த பயன் தந்தனர் என்று கூறினும் பிழையாகாது. அவர் ஓய்வு பெற்றபின் முனிச்சுப் பீடத்தில் அமர்ந்த வில்ஸ்டேட்டரும் பிற்காலத்தில் நொதிகளைத் தூய்மை செய்யும் ஆராய்ச்சியிலேயே இறங்கினார்.

முதல் உலகப்போர் மூண்டது. ஐம்பது வயதைக் கடந்திருந்தும் பூக்னர் போர்முனைக்குச் சென்றார். ருமேனியாவில் குண்டுச் சிதறல் பாய்ந்து 1917-ஆம் ஆண்டு ஆகஸ்டு 13-ஆம் நாள் அவர் உயிர்நீத்தார். அடுத்த வாரமே, ஆகஸ்டு 20-ஆம் நாள், ஸ்டார்ன்பர்க்கு ஏரிக்கரையில் இருந்த தம் இல்லத்தில் பேயர் காலமானார். அப்பொழுது அவருக்கு வயது எண்பத்தொன்று.

இருவர் வழிகளும் ஒன்றுசேர அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயின. 1983-ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் சிலர், ஒரு வகைப் பாக்டீரியத்தின் நொதியை ஆக்கும் மரபுக்கூறுகளை மற்றொரு பாக்டீரியத்துள் புகுத்தினர். எதிர்பாராத வகையில் அவை வளர்ந்த தட்டு நீலமாயிற்று. பேயர் சூடேற்றிப் பெற்ற அந்த இண்டோலைத்தான் நொதி மெல்ல நீலமாக மாற்றியிருந்தது. ஆனாலும் அவ்வாறு பிறந்த நீலமும் நீரில் கரையாதாகையால், சாயமேற்ற ஹைட்ரோஸ் வேண்டியிருந்தது.

அக்குறையை நீக்க, கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி அறிஞர் 2018-ஆம் ஆண்டில் செடியின் உத்தியையே கைக்கொண்டனர். ஜப்பானிய நீலச்செடியில் இண்டாக்சிலோடு சர்க்கரையைப் பூட்டும் நொதி எது என்று கண்டு, அதனைப் பாக்டீரியத்துக்குக் கொடுத்தனர். பாக்டீரியம் நீலத்துக்கு மாறாக, நீரில் கரையும் இண்டிக்கனை ஆக்கித் தந்தது. பருத்தி நூலை அதில் நனைத்து, சர்க்கரையைக் கழற்றும் நொதியைச் சேர்த்ததும் நூலிலேயே நீலம் பிறந்தது, ஹைட்ரோஸ் தேவைப்படவில்லை. 2024-ஆம் ஆண்டில் டென்மார்க்குத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் இண்டிக்கனை ஆக்கும் நொதியை மேலும் உறுதியுடையதாக்கி, நொதிக்குப் பதிலாக ஒளியைக் கொண்டும் நூலை நீலமாக்கலாம் என்று காட்டினர்.

எனினும் இண்டிக்கன் இன்னும் ஆலை நீலத்தைவிட விலை மிகுந்தே இருக்கிறது. சர்க்கரையும் நொதியும் மலிவாகக் கிடைத்தாலன்றிச் சாயப்பட்டறைகள் அதனை ஏற்கமாட்டா. 1880-ஆம் ஆண்டில் பேயரின் நீலமும் இந்நிலையில்தான் இருந்தது. அங்காடியை அடைய அதற்குப் பதினேழு ஆண்டுகள் ஆயின.